கூம்பு செங்கோடனின் ஞாயிற்றுக்கிழமைகள்

ஜனவரி 5, ஞாயிறு

உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இது. போன வருடமும் கொடுத்தார்கள், பொங்கலுக்கு முன்பே எழுதுவதை நிறுத்திவிட்டேன். இந்த வருடம் விடப்போவதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் என்னைப் பற்றி ஒரு கட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். என் பங்குக்கு நானும் கொஞ்சம் எழுதிவைக்கலாம்.

முறையாக ஆரம்பிக்கிறேன். நான் ஒரு ரவுடி. ஸ்டேஷன் போர்டில் என் பெயர் ‘செங்கோடன் என்கிற கூம்பு செங்கோடன்’. தொழில், மைக்செட் வாடகைக்கு விடுவது. கறிக்கடையில் ஆடு வெட்டும்போது ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். கரப்பான்பூச்சி வந்தால் சாந்தாமணியைக் கூப்பிடுவேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு மாரியம்மன் பண்டிகை மேடையில் பட்டாசுக்கடை நாச்சிமுத்து பேசிக்கொண்டிருந்தார். நான் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் அறுந்து அவர் தலையில் விழுந்தது. அவருடைய எதிர்க்கோஷ்டி தூண்டிவிட்டு நான்தான் தள்ளிவிட்டேன் என்று கொலை முயற்சி வழக்குப் போட்டார்கள். கோர்ட்டில் கயிற்றைப் பார்த்தார்கள், எலி கடித்திருந்தது. என்னை விடுதலை செய்துவிட்டார்கள். ஆனால் ஸ்டேஷனில் ரவுடி ஷீட் திறந்தது எலியின் பெயரில் இல்லை, என் பெயரில். அது இன்னும் மூடவில்லை.

இந்த வருடம் புது ஏற்பாடு. ரவுடியை வீட்டில் போய்ப் பார்த்தேன் என்று ஏட்டு வாயால் சொன்னால் போதாதாம். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் ரவுடியோடு சேர்ந்து செல்பி எடுத்துச் செயலியில் ஏற்றவேண்டுமாம். இன்று ஏட்டய்யா பிலவேந்திரன் வந்து எடுத்தார். நான் கண்ணை மூடிவிட்டேன்.

“யோவ், கண்ணத் தொறய்யா. பொணத்தோட போட்டோ எடுத்தேன்னு எனக்கு மெமோ குடுத்துருவாங்க” என்றார்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று கண்ணைத் திறந்துகொண்டேன். தலை கொஞ்சம் கலைந்துவிட்டது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

ரவுடியாக இருப்பதில் சில சௌகரியங்கள் உண்டு, மறைத்து என்ன. சலூனில் எனக்கு இடம் விட்டுக்கொடுக்கிறார்கள். தண்ணீர் லாரி வந்தால் எங்கள் வீட்டுக் குடம் தானாகவே முன்னால் போய்விடுகிறது. டீக்கடையில் சத்தமாக அரசியல் பேசுகிறவர்கள் நான் போனதும் குரலைத் தாழ்த்துகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சிலும் ஓரமாக உட்கார்ந்தவன் நான். இந்த மாதிரி மரியாதையை வேறு எந்த வழியிலும் சம்பாதித்திருக்க முடியாது.

சாந்தாமணிக்கு இது புரிவதில்லை. “ஏனுங்க, ஷீட்டை மூடச் சொல்லி வக்கீல்கிட்ட மனு குடுத்தனுன்னு போன தையிலயே சொன்னீங்களே, என்னாச்சுங்க?” என்று கேட்டாள்.

“சர்க்கார் காரியம் புள்ள. மெதுவாத்தான் நகரும்” என்றேன்.

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. ஈரோடு வரைக்கும் போனேன். வக்கீல் ஆபீஸ் படிக்கட்டுக்கு எதிரே நின்று ஒரு கரும்புச்சாறும் குடித்தேன். அன்றைக்கு வெயில் அதிகம். திரும்பிவிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஏட்டய்யா வரவில்லை. தலைக்கு மை அடித்ததும் சட்டையை இஸ்திரி போட்டதும் வீண்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம் முடிந்து பதினொரு மணிக்கு ஏட்டய்யா வந்தார். முகம் சரியில்லை. போன வாரம் என்னைப் படம் எடுக்காததற்கு மெமோ வாங்கியிருக்கிறார்.

“செங்கோடு, ஒன் வீடு ஒண்ணுதான்யா ஏரிக்கு அந்தப் பக்கம் கெடக்கு. மத்த ரவுடியெல்லாம் ஸ்டேஷனச் சுத்தியே இருக்கானுங்க. ஒன்னப் பாத்துட்டு ஓடுறதுக்குள்ள சர்ச்சுல பூச முடிஞ்சிருது. நான் பாட்டுக் குழுவுல இருக்கேன். ஒரு மாசமா நிக்கல. எம் பொண்டாட்டி சாமியார்கிட்டயே புகார் குடுத்துட்டா.”

“அதுக்கு நான் என்னங்க பண்ணோணும்?”

“இனி வர்ற நாலு வாரத்துப் படத்த இன்னைக்கே எடுத்துக்குவோம். சட்டைய மட்டும் மாத்திக்க. இத நான் வேற யார்கிட்டயும் கேக்க முடியாது. நீ ஒருத்தன்தான் நம்பிக்கையான ரவுடி.”

நாலு சட்டையில் நாலு ஞாயிறு. செயலிக்குப் படம் இருந்தால் போதும், எப்போது எடுத்தது என்று கேட்கிற புத்தி அதற்குக் கிடையாது. ஆனால் எனக்கு இருக்கிறதே! இருபது வருடமாகக் கல்யாண மண்டபங்களுக்கு லைட் போடுகிறவன் நான். நாலு படத்திலும் ஒரே வெளிச்சம் விழுந்தால் என் தொழிலுக்கே அவமானம். ஒன்றுக்கு ஜன்னலைத் திறந்தேன். ஒன்றுக்கு விளக்கின் மேல் மஞ்சள் தாளைக் கட்டினேன். ஒன்றுக்கு மேகமூட்டம் வரவழைத்தேன். நாலாவதற்கு மேஜை மின்விசிறியை வைத்துக் காற்று வீச வைத்தேன். மாசிக்காற்று அப்படித்தான் இருக்கும்.

“தோள்ல கை போடுங்க, பாக்கறதுக்கு இயல்பா இருக்கும்” என்று யோசனை சொன்னேன்.

“ரவுடி தோள்ல கை போட்டா எனக்கு வேல போயிரும்யா” என்றார்.

நீலக்கட்டம் போட்ட சட்டையில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

பிப்ரவரி 3, திங்கள்

கௌசல்யா போலீஸ் தேர்வில் தேறிவிட்டாள். எழுத்து, ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம். இரண்டாம் நிலைக் காவலர். என் மகள். கயிற்றில் அவள் ஏறுகிறாள், என் கயிற்றை எலி கடித்தது. தெரு முழுக்க லட்டு கொடுத்தேன், மூன்று வீட்டில் அழுதேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் சாந்தாமணி ஆரம்பித்தாள். “இனி ஸ்டேஷன்ல இருந்து விசாரணைக்கு வருவாங்க. பொண்ணு எப்படி, குடும்பம் எப்படின்னு எழுதுவாங்க. அப்பன் ரவுடின்னு எழுதுனா புள்ளைக்கு வேலை என்னாகும்?”

கௌசல்யா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “அந்த மனு எந்த அளவுல இருக்குதுங்கப்பா?”

“முடியற கட்டம்” என்றேன்.

சோறு இறங்கவில்லை. நிறைய லட்டு சாப்பிட்டதால் இருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஸ்பீக்கர் கோன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஈரோடு போனேன். இந்தத் தடவை கரும்புச்சாறுக் கடைப் பக்கமே திரும்பவில்லை. வக்கீல் நூர்ஜஹான் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஆற அமரப் பேசுவார்.

கோர்ட் தீர்ப்பைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தீர்ப்பைப் பார்த்தார்.

“விடுதலையாயி இத்தனை வருசம் ஆச்சு. வேற ஒரு கேஸும் இல்ல. இந்த ஷீட்டை வச்சிருக்கவே அவங்களுக்கு அதிகாரம் இல்லைங்க. ஏன் இவ்வளவு நாளா வரல?”

“தொழில்ல கொஞ்சம் நெருக்கடிங்க.”

“உண்மையச் சொல்லுங்க. உங்களைப் பாத்து யாராச்சும் பயப்படறாங்களா?”

“டீக்கடையில...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

எஸ்.பி.க்கு மனு எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினார். அதுவரைக்கும் போலீஸ் கூப்பிட்டால் என்ன செய்யவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். எதற்காக என்று கேட்கவேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லவேண்டும். வக்கீலோடு பேசவேண்டும் என்று கேட்கவேண்டும். “உங்களுக்கு எதிரா நீங்களே பேச வேண்டியதில்லைங்க. வாய மூடிட்டு இருக்கறதுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு” என்றார். பிறந்ததிலிருந்து நான் பயன்படுத்தாத உரிமை அது ஒன்றுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் முனகி முனகி மனப்பாடம் செய்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். கோன் எங்கே என்று சாந்தாமணி கேட்டாள். ஸ்டாக் இல்லை என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

நேற்றுக் காலை எட்டரை மணிக்குக் கடை திறக்கும்போது யாரோ நாச்சிமுத்துவைப் பின்னாலிருந்து இரும்புக் கம்பியால் அடித்திருக்கிறார்கள். மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, “பாக்கல, ஆனா என் மண்டை மேல ஆசைப்பட்டவன் இந்த ஊர்ல ஒருத்தன்தான்” என்றாராம்.

காலை ஏழு மணிக்கு ஜீப் வந்தது. பஸ்ஸில் படித்ததெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். “டீ சாப்பிடறீங்களா சார்?” என்றுதான் வந்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எதிரே நிறுத்தினார்கள். சாந்தாமணியும் கௌசல்யாவும் பின்னாலேயே வந்து, வாசல் பெஞ்சில் பேச்சுக் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“நேத்து காலைல எங்கடா இருந்த?”

ஈரோடு என்றால் ஈரோட்டில் எங்கே என்பார். வக்கீல் ஆபீஸ் என்றால் எதற்கு என்பார். நேற்றுத்தான் மனு எழுதினோம் என்று சொல்லவேண்டி வரும். பெஞ்சைப் பார்த்தேன்.

“வீட்ல இருந்தனுங்க” என்றேன்.

சாந்தாமணியின் வாய் திறந்து மூடியது எனக்குத் தெரிந்தது. சுவரோரம் நின்ற பிலவேந்திரன் ஏட்டய்யாவின் முகத்தில் ரத்தம் இல்லை. இன்ஸ்பெக்டர் செல்போனை எடுத்துச் செயலியைப் பார்த்தார். நேற்றுக் காலை எட்டரைக்கு ஏறிய படம். நீலக்கட்டச் சட்டை. ஏட்டும் நானும். என் வீடு.

“என்னய்யா இது, நம்ம ஏட்டுகூடவே நின்னுருக்கான்!” என்றார். பிடித்த மீன் கையைவிட்டு நழுவியதுபோல அவருக்கு ஏமாற்றம். கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லி மத்தியானம் அனுப்பிவிட்டார்.

கண்காணிப்பு என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன். எவ்வளவு பாதுகாப்பான விஷயம்!

பிப்ரவரி 11, செவ்வாய்

அந்தப் படத்தை ஏட்டய்யா என் போனுக்கு முன்பே அனுப்பியிருந்தார். சாயங்காலம் அதைப் பெரிதாக்கி ரசித்துக்கொண்டிருந்தேன். கௌசல்யா பின்னால் வந்து நின்றாள்.

“அப்பா, உங்களுக்குப் பின்னாடி குடியரசு தினம் தொங்குது.”

பார்த்தேன். என் தோளுக்கு மேலே சுவரில் தினசரி காலண்டர். கொடிப் படத்தோடு, சிவப்பில், கொட்டை எழுத்தில் இருபத்தாறு. மேகமூட்டம் போட்டேன், மஞ்சள் வெயில் போட்டேன், மாசிக்காற்று அடிக்க வைத்தேன். காலண்டரில் தாளைக் கிழிக்கவில்லை. நாலு படத்திலும் குடியரசு தினம்தான்.

“இன்ஸ்பெக்டர் ஒரு தடவை பெருசு பண்ணிப் பாத்தா போதும்ப்பா. பொய் சாட்சி தயார் பண்ணுனீங்கன்னு ஆயிரும். அப்பறம் அடிச்சதும் நீங்கதான்னு ஆயிரும். எனக்கு வேலை இந்த ஜென்மத்துல இல்ல.” போனை என் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தாள். “நீங்க ஈரோட்டுக்குத்தான போனீங்க? அதைச் சொல்லியிருக்கலாமே. ஞாயித்துக்கிழமை ஸ்பீக்கர் கடை எங்கப்பா தொறந்திருக்குது?”

சாந்தாமணி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

சொல்லிவிட்டேன். மனு நேற்று முன்தினம்தான் எழுதியது என்று. போன வருடம் எழுதவே இல்லை என்று. ஏன் என்று சாந்தாமணி கேட்டாள். அதையும் சொன்னேன். ரவுடி என்று நாலு பேர் ஒதுங்கி வழிவிடுவது எனக்குப் பிடித்திருந்தது. அது போய்விட்டால் நான் வெறும் மைக்செட்காரன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. “தண்ணி லாரியில நம்ம கொடத்த முன்னாடி வுட்டது உங்களுக்குப் பயந்துன்னா நெனச்சீங்க?” என்றாள். “பாவம், வீட்டுக்காரர் ரவுடி லிஸ்ட்ல மாட்டிக்கிட்டாருன்னு என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டு வுட்டாங்க.”

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் வந்ததுதான், வேறு காரணம் எழுதமாட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

வக்கீல் நூர்ஜஹான் எங்கள் வீட்டுக்கே வந்தார். படத்தைப் பார்த்துச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“இத நான் எங்கயும் காட்டமாட்டேன். பொய்யுன்னு தெரிஞ்சே காட்டுனா நான் கோட்டைக் கழட்டி வச்சிட்டு வீட்டுக்குப் போகணும். உண்மையே உங்க பக்கம் இருக்கும்போது எதுக்குங்க இந்தக் கண்றாவி? ஈரோடு பஸ் ஸ்டாண்டுல போலீஸ் கேமரா இருக்கு. அதுல நீங்க எறங்கறது இருக்கும். அதைக் கேட்டு எழுதிக் குடுக்கலாம்.”

“ஏட்டய்யா மாட்டிக்குவாருங்களே.”

“மாட்டுவாரு” என்றார். “நீங்க முடிவு பண்ணுங்க.”

பிப்ரவரி 13, வியாழன்

ஏட்டய்யாவை அவர் குவார்ட்டர்ஸில் போய்ப் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சொல்லவேண்டியதைச் சொன்னேன். நாளைக்கு ஸ்டேஷனில் உண்மையைச் சொல்லப்போகிறேன், மகளுக்காக, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.

ரொம்ப நேரம் ஒரே ஷூவையே தேய்த்தார்.

“சட்ட மாத்தச் சொன்னது நான்தானய்யா. நீ லைட்டுதான போட்ட?” என்றார். “நீ போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நானே அய்யாகிட்ட சொல்லிர்றேன். அடுத்தவன் வாயால வந்தா அசிங்கம்.”

அவர் மனைவி காபி கொடுத்தார். என்னால் குடிக்கமுடியவில்லை. குடித்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

நாள் முழுக்க ஸ்டேஷன். ஏட்டய்யா காலையிலேயே சொல்லிவிட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கத்திய கத்தலுக்கு மைக்கே தேவையில்லை. உள்ளே தள்ளுவேன் என்றார். எந்தக் குற்றத்துக்காக, காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று வக்கீல் கேட்டார். நின்றுகொண்டிருந்த என்னை நாற்காலியில் உட்காரவும் வைத்தார். சாயங்காலம் ஈரோட்டிலிருந்து கேமராப் படம் வந்தது. அதே எட்டரை மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறேன். ஒரு கையில் பை, வாயில் முறுக்கு. கேமராவில் நான் அவ்வளவு நன்றாக இல்லை. தலை கலைந்திருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

நாச்சிமுத்துவை அடித்தது அவருடைய மச்சினன். வரப்புத் தகராறு. நேற்றுப் பிடித்துவிட்டார்கள். நாச்சிமுத்துவுக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்து மேலே நிமிர்ந்து பார்த்தார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஏட்டய்யாவை மாவட்ட ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்கள். சம்பள உயர்வும் நிறுத்தம். அங்கே ஞாயிறும் டூட்டிதான், பாட்டுக் குழுவுக்கு இனி வழி இல்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது.

மார்ச் 18, செவ்வாய்

எஸ்.பி. அலுவலகத்திலிருந்து உத்தரவு. செங்கோடன் என்கிற கூம்பு செங்கோடன் மீதான ரவுடி ஷீட் மூடப்படுகிறது.

இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று வக்கீலிடம் கேட்டேன். “உங்க நாலு சட்டையையும் ஹைகோர்ட்டுல யாரும் பாக்க வேண்டாம்னு அவங்களுக்கும் ஆசைங்க” என்றார்.

சலூனில் இன்று என் முறை வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

மார்ச் 23, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குப் புதுக் காவலர் ஒருவர் வந்தார். கறுப்புக் கண்ணாடி. ஒரு கையில் கௌசல்யாவின் விசாரணைப் படிவம், இன்னொரு கையில் செல்போன். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை.

“மொதல்ல நீ வந்து நில்லு, போட்டோ எடுக்கணும். அப்பறம் பொண்ணோடதை எழுதறேன்.”

“ஷீட்டை மூடிட்டாங்களே” என்றேன்.

“ஆப்புல உன் பேர் இருக்குது. நில்லுய்யா. இந்தப் படிவத்துல குடும்பம் ஒத்துழைக்கலன்னு ஒரு வரி எழுதுனா போதும், தெரியுமில்ல?”

தெரியும். சாந்தாமணி முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். ஒரு படம்தானே. இத்தனை வருடம் நின்றவன் இன்னும் ஒரு நிமிடம் நின்றால் என்ன? என் கை தானாகவே தலையைச் சீவப் போய்விட்டது. சத்தியமாகப் போய்விட்டது.

கௌசல்யா உள்ளே போய் எஸ்.பி. உத்தரவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். அவளே காட்டியிருக்கலாம். என் கையில் கொடுத்தாள்.

பஸ்ஸில் படித்தது அப்போதுதான் வந்தது, நாற்பது நாள் தாமதமாக.

“சார், எதுக்காகப் படம் எடுக்கறீங்கன்னு சொல்லுங்க” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. “இது எஸ்.பி. உத்தரவு. இதுக்கு மேல என்னைப் படம் எடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்குதுன்னா அதை எழுதிக் காட்டுங்க. நான் வக்கீல்கிட்ட பேசோணும். எம் பொண்ணோட படிவத்துல என்ன எழுதோணுமோ அதை உண்மையா எழுதுங்க. படத்துக்கு நான் நிக்கமாட்டேன்.”

உத்தரவை வாங்கி இரண்டு தடவை படித்தார். தள்ளிப் போய் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். திரும்பி வந்து செல்போனைப் பையில் போட்டுக்கொண்டார். உட்காராமலே படிவத்தை நிரப்பினார். குடும்பத்தின் மீது வழக்கு ஏதும் இல்லை, கண்காணிப்பு ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை கௌசல்யா எட்டிப் பார்த்துவிட்டாள். அவள் கண்ணிலிருந்து எனக்குத் தெரிந்தது.

அவர் படியிறங்கி வண்டியை எடுத்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னய்யா, ரவுடி மாதிரி பேசற?” என்றார்.

பன்னிரண்டு வருடம் ரவுடியாக இருந்தேன். ஒரு போலீஸ்காரர் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னது இன்றைக்குத்தான்.